பாரிசில் தளபாடங்களுடன் கூடிய வாடகை வீடு

பாரிசில் தளபாடங்களுடன் கூடிய வாடகை வீடு (பிரெஞ்சு: லொக்கசியோன் மொப்லே) என்பது, குடிபுகும் நாளிலேயே சமைக்கவும் உண்ணவும் உறங்கவும் தேவையான பொருட்களுடன் வாடகைக்கு விடப்படும் குடியிருப்பு ஆகும். மாணவர்களும் பணி நிமித்தம் சில காலம் தங்குவோரும் இதனைப் பெரிதும் நாடுகின்றனர். வாடகைதாரரின் முதன்மை வசிப்பிடமாக அமையும் இவ்வகை வீடுகளுக்கு 1989 ஜூலை 6 ஆம் நாளைய சட்டமும், அதனைத் திருத்திய 2014 ஆம் ஆண்டின் அலூர் சட்டமும் பொருந்தும்.

நடந்து செல்லத்தக்க பகுதிகள்

பாரிஸ் நகரம் சுமார் 105 சதுர கி.மீ. பரப்பும் 20 வட்டங்களும் கொண்டது. பெரும்பாலான கட்டிடங்களில் தரைத்தளத்தில் கடைகளும் மேல்தளங்களில் வீடுகளும் உள்ளதால், அன்றாடத் தேவைகளை நடந்தே நிறைவேற்றிக்கொள்ள முடியும். ஐந்தாம் வட்டத்தின் முப்தார் தெரு, குறுகிய தெருக்களைக் கொண்ட லெ மாரே ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியும் இத்தகையதே. பழைய கட்டிடங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. முன்னர் பணிப்பெண்கள் தங்கிய மேல்தளச் சிற்றறைகள் இன்று மாணவர்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. 2002 ஆம் ஆண்டின் ஆணைப்படி, வீட்டின் முதன்மை அறை குறைந்தது 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவும் கொண்டிருத்தல் வேண்டும்.

கட்டாயப் பொருட்கள்

2015 ஜூலை 31 ஆம் நாளைய ஆணை 11 வகைப் பொருட்களைக் கட்டாயமாக்கியது. அவையாவன:

1. போர்வையுடன் கூடிய படுக்கை
2. படுக்கையறைச் சன்னலில் ஒளி மறைக்கும் திரை அல்லது கதவு
3. அடுப்பு
4. வெதுப்பி அல்லது நுண்ணலை அடுப்பு
5. உறைபெட்டியுடன் கூடிய குளிர்சாதனப் பெட்டி
6. உணவுத் தட்டு முதலிய உண்கலங்கள்
7. சமையல் பாத்திரங்கள்
8. மேசையும் இருக்கைகளும்
9. பொருட்களை வைக்கும் அடுக்குகள்
10. விளக்குகள்
11. துப்புரவுக் கருவிகள்

இவை குறைவாக இருப்பின், நீதிமன்றம் அவ்வீட்டைத் தளபாடமற்ற வீடாகக் கருத இடமுண்டு. உரிமையாளர் தனிநபராயின் தளபாடமற்ற வீட்டிற்கான குறைந்த ஒப்பந்தக் காலம் 3 ஆண்டுகள் என்பதால், இது இரு தரப்பினரையும் பாதிக்கும்.

ஒப்பந்தம்

பொதுவான ஒப்பந்தக் காலம் ஓர் ஆண்டு ஆகும். அது தானே புதுப்பிக்கப்படும். மாணவர்களுக்கு 9 மாத ஒப்பந்தம் உண்டு. அது தானே புதுப்பிக்கப்படாது. 2018 இல் அறிமுகமான பெய் மொபிலித்தே ஒப்பந்தம் 1 முதல் 10 மாதங்கள் வரையானது. வாடகைதாரர் ஒரு மாத முன்னறிவிப்புடன் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். உரிமையாளரோ ஒப்பந்த முடிவுக்கு 3 மாதங்களுக்கு முன்னர், விற்பனை, சொந்தப் பயன்பாடு போன்ற தகுந்த காரணத்துடன் மட்டுமே அறிவிக்க முடியும்.

வாடகையும் வைப்புப் பணமும்

பாரிசில் 2015 இல் தொடங்கிய வாடகை வரம்பு 2017 இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, 2019 ஜூலை 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பகுதி, அறைகளின் எண்ணிக்கை, கட்டப்பட்ட காலம், தளபாடம் உண்டா இல்லையா என்பவற்றைப் பொறுத்து இவ்வரம்பு வேறுபடும். வைப்புப் பணம், பராமரிப்புச் செலவு நீங்கலாக, இரண்டு மாத வாடகையை மிஞ்சக்கூடாது. பெய் மொபிலித்தே ஒப்பந்தத்தில் வைப்புப் பணம் பெறுதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

வீட்டு நிலைப் பதிவு

குடிபுகும்போதும் வெளியேறும்போதும் வீட்டின் நிலை எழுத்தில் பதியப்படுகிறது. இது எத்தா தெ லியூ எனப்படும். தளபாடங்களின் எண்ணிக்கையும் நிலையும் தனிப்பட்டியலாக இணைக்கப்படும். வைப்புப் பணம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இவ்விரு பதிவுகளின் ஒப்பீட்டைப் பொறுத்ததாகும். முன்பே கீறல் விழுந்திருந்த மேசையைப் பட்டியலில் "நல்ல நிலை" என ஏற்றுக் கையொப்பமிட்டால், பின்னர் அச்சேதம் வாடகைதாரருடையதாகக் கருதப்படக்கூடும். விடுபட்ட குறைகளைச் சேர்க்குமாறு 10 நாட்களுக்குள் கோரலாம். இரு பதிவுகளும் ஒத்திருப்பின் ஒரு மாதத்திலும், வேறுபாடு இருப்பின் இரண்டு மாதங்களிலும் பணம் திருப்பித் தரப்பட வேண்டும். பொதுவாக, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்திற்கும் மாத வாடகையின் 10% கூடுதலாகச் செலுத்தப்பட வேண்டும்.