கரி பற்றிய நஞ்சு

கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரை ஊற்றி வைத்தால் சேறு அடியில் படியும். ஆயின், கண்ணுக்குப் புலனாகும் கலங்கலை அகற்றுவது வேறு. தெளிந்த நீரில் கரைந்து மறைந்திருக்கும் ஈயத்தையும் பாதரசத்தையும் அகற்றுவது வேறு. இவ்விரண்டாம் கலையின் வரலாறு மாணவர் அறியத்தக்கது.

1785இல் உருசிய நாட்டில் வாழ்ந்த லோவிட்சு என்னும் வேதியியலறிஞர், நிறமேறிய கரைசலில் மரக்கரித்தூளை இட்டபோது அந்நிறம் நீங்கக் கண்டார். 1850இல் இங்கிலாந்தில் தாம்சன், வே ஆகியோர், மண்ணின் வழியே வடியும் உரக்கரைசலிலிருந்து அம்மோனியாவை மண் பற்றிக்கொண்டு, ஈடாகச் சுண்ணச்சத்தை வெளிவிடுவதை எடுத்துக்காட்டினர். இவ்வாறு ஒரு பொருள் தன் மேற்பரப்பில் பிறிதொன்றை ஈர்த்து நிறுத்துவதைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். முதல் உலகப் போரில் நச்சுவளியைத் தடுக்கும் முகமூடிகளில் தேங்காய்ச் சிரட்டைக் கரி இடம்பெற்றது. கரி நிரப்பிய குழாய் எவ்வளவு நேரம் நஞ்சைத் தடுத்து நிற்கும் என்பதைக் கணக்கிடும் வழியை 1920இல் போகார்ட், ஆடம்சு ஆகியோர் வகுத்தனர்.

உலோக நஞ்சின் கொடுமையை உலகிற்கு உணர்த்தியது ஜப்பானின் மினமாத்தா நகரமாகும். அங்கிருந்த சிஸ்ஸோ தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டது. மீனுண்ட மக்கள் நரம்பு நோயால் நலிந்தனர். 1956இல் நோய் வெளிப்பட்டது. 1959ஆம் ஆண்டின் இறுதியில் அத்தொழிற்சாலையில் கழிவுநீர்த் தூய்மைக் கருவியொன்று நிறுவப்பட்டது. இனி அச்சமில்லை என மக்கள் நம்பினர். ஆனால், கரைந்த கரிமப் பாதரசத்தை அகற்றும் ஆற்றல் அக்கருவிக்கு இருக்கவில்லை. அரசு உண்மையை ஏற்றுக்கொண்டது 1968இல்தான்.

பின்வந்த ஆண்டுகளில், விலையுயர்ந்த கரியை வாங்க இயலாத சிறு தொழிலகங்களை எண்ணி, ஆய்வாளர் பலர் நெல் உமி, தேங்காய் நார், மரத்தூள், செம்பனை ஓடு ஆகியவற்றைச் சோதித்தனர். இவற்றைப் பக்குவப்படுத்தி நெடுங்குழாயில் நிரப்பிக் கழிவுநீரைச் செலுத்தினால், உலோக அயனிகள் அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். நீரின் புளிப்புத்தன்மை மிகுந்தால் ஐதரசன் அயனிகள் போட்டியிட்டு அப்பற்றுதலைக் குறைத்துவிடும். எனவே, பொருள் மலிவாயினும் கவனம் மலிவாயிருத்தலாகாது.

மற்றோர் உண்மையும் உண்டு. குழாயின் கொள்ளளவு நிறைந்ததும் உலோகம் மறுமுனையில் வெளிப்படத் தொடங்கும். பற்றிய உலோகமோ அழிவதில்லை. உமியை எரித்தாலும் அது மறைந்துவிடாது. மினமாத்தா வளைகுடாவின் பாதரசச் சேற்றை அள்ளி, கரையோரம் அடைத்து மூட 1977 முதல் 1990 வரை உழைக்க வேண்டியதாயிற்று. மலேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 2005இல் வகுக்கப்பட்ட விதிகள், இத்தகைய நச்சுக் கழிவுகளை உரிமம் பெற்ற இடங்களிலேயே ஒப்படைக்கப் பணிக்கின்றன.

ஆதலின், "நீர் தெளிந்ததா?" என்று வினவுவதோடு நம் மாணவர் நின்றுவிடலாகாது. "அதிலிருந்த நஞ்சு எங்கே சென்றது?" என்றும் வினவப் பழகவேண்டும். மினமாத்தாவில் 1959இல் அவ்வினாவிற்கு உண்மையான விடை கிடைத்திருந்தால், எத்தனையோ உயிர்கள் துயருறாமல் தப்பியிருக்கும்.