பெங்களூர்க் கோடையும் ராக் கச்சேரியும்: ஒரு பழங்கணக்கு

பெங்களூருக்கு இந்த ராக் பைத்தியம் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் பதில் ரெடியாக இருக்கும். ஐ.டி. கம்பெனி வந்தது, கையில் காசு வந்தது, பப் வந்தது, பின்னாலேயே கிட்டாரும் வந்தது. நம் தமிழ்ச் சனம் இதை இன்னும் சுருக்கி, "எல்லாம் பணக்காரப் பசங்க சமாச்சாரம் சார்" என்று முடித்துவிடும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஈஜிபுராவில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொன்னால் எங்கள் தெருக்காரர்களே சிரிப்பார்கள்.

எனக்கு சங்கீதம் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்வரமும் தெரியாது, கார்டும் தெரியாது. படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி உத்தியோகம். ஆகவே இதை இசை விமரிசனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரவு எங்கிருந்து வந்தது, செலவு எங்கே போனது என்று பார்க்கிற பழக்கதோஷம், அவ்வளவுதான்.

1809-இல் வெள்ளைக்காரன் அல்சூர் பக்கம் கண்டோன்மென்ட் போட்டபோது கூடவே மதராஸ் மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் வந்தார்கள். அவர்களுக்கு அரிசி விற்கவும் துணி தைக்கவும் வண்டி ஓட்டவும் ஆட்கள் வந்தார்கள். அதில் பெரும்பகுதி தமிழர்கள். ஒரு பக்கம் மைசூர் மகாராஜாவின் பேட்டை, இன்னொரு பக்கம் தமிழும் இங்கிலீஷும் புழங்கும் கண்டோன்மென்ட் என்று ரொம்ப காலம் இரண்டு ஊராகத்தான் இருந்தது. இரண்டையும் ஒரே கார்ப்பரேஷனாகச் சேர்த்தது 1949-இல். கப்பன் பார்க் பேண்ட் ஸ்டாண்டில் ராணுவ பேண்ட் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. டிரம்மும் டிரம்பெட்டும் இங்கே அந்நியச் சாமான் இல்லை.

அதற்குப் பிறகு சர்ச். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தபின் கத்தோலிக்கப் பூசை லத்தீனிலிருந்து அவரவர் தாய்மொழிக்கு வந்தது, பாடகர் குழுவுக்குள் கிட்டாரும் வந்தது. ஈஜிபுராவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயம். வியாழக்கிழமை போய்ப் பாருங்கள், எத்தனை தமிழ்க் குடும்பங்கள் என்று தெரியும். விவேக்நகர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா பக்கத்துப் பையன்களில் நிறையப் பேருக்கு முதல் கிட்டார் கையில் கிடைத்தது கோவிலில்தான். சாயங்காலம் மாதா பாட்டு, ராத்திரி மொட்டைமாடியில் டீப் பர்ப்பிள். இதில் பணக்காரத்தனம் எங்கே இருக்கிறது?

70-களில் 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்ற குழு இந்த ஊர்ப்பக்கம் பெரிய பெயர். அதன் டிரம்மர் ரமேஷ் ஷோத்தம் சென்னையில் பிறந்தவர். சகோதரர் சுரேஷும் அதே குழு. இந்த ரமேஷ் பிற்பாடு பெங்களூரில் இருக்கும் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனில் சேர்ந்து கற்றுக்கொண்ட வாத்தியம் என்ன தெரியுமா? தவில்! ராக் டிரம்மர் தவிலை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய் கொலோன் நகரில் செட்டில் ஆகி, ஜாஸ் மேடைகளில் வாசித்துப் பேர் வாங்கினார். (சென்னையும் சளைத்ததில்லை. ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் அங்கே 'நெமசிஸ் அவென்யூ' என்று ராக் குழு நடத்தியவர்தான்.)

ஹெவி மெட்டல் என்றால் காது கிழியும் கூச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கதை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டோனி அயோமி என்ற பையன் தகடு வெட்டும் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். 1965-இல், பதினேழு வயதில், வேலையை விட்டுப் போகிற கடைசி நாளில் மெஷின் அவன் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. இடது கைப் பழக்கம் உள்ளவன், அதாவது தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். பிறகு வலி தாங்க முடியாமல் தந்தியைத் தளர்த்திக் கட்டினான். சத்தம் கீழே இறங்கிக் கனத்தது. 1970-இல் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்திலிருந்துதான் ஹெவி மெட்டலுக்குக் கணக்குத் தொடங்குகிறார்கள். எங்கள் வீட்டு ஓனர் அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இந்தக் கதையைச் சொன்னபோது தன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்ன வேறொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் மனசில் நின்றது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு கெஜட்டில் வந்தவுடன் இந்த ஊரில் தமிழர்கள் மேல் பாய்ந்த கலவரம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஓசூர் போய்ச் சேர்ந்தவர்களாகவும் இருப்பீர்கள். அண்ணனுக்கு அப்போது காலேஜ் வயசு. "அந்த டைம்ல தமிழ்க் கேசட்ட சவுண்டா வெக்க எங்கப்பா விடமாட்டாரு சார். இளையராஜான்னாலும் மெதுவாத்தான். இங்கிலீஷ் பாட்டுன்னா போய்த் தொலைன்னு விட்டுடுவாரு. அதுக்கு யாரு கல்லெடுப்பா?"

இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் இந்தத் தெருக்களில் அயர்ன் மெய்டன் கேசட் ஏன் அவ்வளவு சத்தமாக ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷ் பாட்டுக்குக் கூடுகிற அந்தக் கும்பலின் பொதுமொழியில் ஒரு தமிழ் வார்த்தை உட்கார்ந்திருக்கிறது: 'மச்சா'. கன்னடப் பையன், கூர்க் பையன், நாகாலாந்துப் பையன் எல்லாரும் மச்சாதான்.

இனி பெரிய கச்சேரிகள். 2001-இல் டீப் பர்ப்பிள். 2002 ஏப்ரலில் பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ். 2003 ஏப்ரல் 4 ரோலிங் ஸ்டோன்ஸ். அன்றைக்குக் கோடை மழை பிய்த்து எடுத்துவிட்டது. அதே டூரில் சார்ஸ் காய்ச்சல் பயத்தால் ஹாங்காங், சீனக் கச்சேரிகளை ரத்து செய்தவர்கள், நம் ஊர் மழைக்கு அசையவில்லை. 2005 மார்ச்சில் மார்க் நாஃப்ளர். 2007 மார்ச் 17 அயர்ன் மெய்டன், முதல்முறையாக இந்தியாவில். அதே வருஷம் ஜூன் 2 ஏரோஸ்மித். 2008 மார்ச் 14 மெகாடெத்தும் மெஷின் ஹெட்டும். 2010 மே 15 லாம்ப் ஆஃப் காட். அந்த விழாவுக்குப் பெயரே 'சம்மர் ஸ்டார்ம்'.

தேதிகளைப் பாருங்கள். மார்ச், ஏப்ரல், மே, ஜூன். பரீட்சைக் காலத்தில் எவன் கச்சேரி வைப்பான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். காரணம் நம் காலண்டரில் இல்லை, அவர்கள் காலண்டரில் இருக்கிறது. ஐரோப்பாவில் வெயில் காலத் திருவிழாக்கள் ஜூனில் தொடங்கும். அதற்குமுன் ஆஸ்திரேலியா, ஜப்பான், துபாய் என்று ஒரு சுற்றுப் போவார்கள். வழியில் ஓர் ஊர் இந்தியாவில் வேண்டும். (மெய்டன் இங்கே வந்த அதே மார்ச்சில்தான் துபாயிலும் வாசித்தார்கள்.) ஏப்ரல் மாதம் சென்னையில் திறந்தவெளியில் இருபதாயிரம் பேரை நிற்கவைத்தால் என்ன ஆகும்? மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் பெங்களூரில் சூரியன் சாய்ந்தால் காற்று வரும்.

காற்று மட்டும் போதாது, இடம் வேண்டும். இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. 1996-இல் கர்நாடக அரசு பெங்களூர் அரண்மனையையும் சுற்றியுள்ள 472 ஏக்கரையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. நஷ்ட ஈடு 11 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு ரெண்டு லட்சத்து முப்பத்து மூவாயிரம் சொச்சம். ஊர் நடுவில்! மைசூர் ராஜ குடும்பம் கோர்ட்டுக்குப் போகாமல் என்ன செய்யும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வருஷக்கணக்கில் நின்றது. வழக்கு நின்றதால் அபார்ட்மென்ட் எழவில்லை. அபார்ட்மென்ட் எழாததால் அங்கே கல்யாணமும் கண்காட்சியும் ராக் கச்சேரியும் நடந்தன. ஹைகோர்ட் கட்டிடத்துக்கே அட்டாரா கச்சேரி என்று பெயர் வைத்திருக்கும் ஊரில் ஒரு கச்சேரியால் இன்னொரு கச்சேரி பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடுத்தது டாலர். இது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். 1973-இன் ஃபெரா சட்டம் இருந்தவரை அந்நியச் செலாவணி என்பது பூட்டிய பெட்டி. மருந்துக்கும் மெஷினுக்கும் டாலர் வாங்கவே மாரடிக்க வேண்டும், கிட்டார்காரனுக்கு யார் கொடுப்பார்கள்? 2000 ஜூன் 1 முதல் ஃபெரா போய் ஃபெமா வந்தது. செலாவணி விதிமீறல் கிரிமினல் குற்றம் என்ற நிலை போய் சிவில் விவகாரம் ஆனது. அடுத்த வருஷமே டீப் பர்ப்பிள் வருகிறார்கள். இது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் கண்ணுக்கு இந்தத் தேதிகள் தற்செயலாகத் தெரியவில்லை.

மூன்றாவது, சாராயக் காசு. 2000-ஆம் வருஷமே கேபிள் டி.வி.யில் மது விளம்பரத்துக்கு, சுற்றி வளைத்துச் செய்வதற்கும் சேர்த்து, தடை வந்தது. கம்பெனிகளிடம் விளம்பரப் பணம் இருக்கிறது, போட இடமில்லை. மேடைக்குப் பின்னால் பேனர் கட்டுவதற்கு அந்தத் தடை பொருந்தாது. பீர் கம்பெனிக்குத் தலைமையகமே பெங்களூர். இங்கேயே இருந்த டி.என்.ஏ. நெட்வொர்க்ஸ் போன்ற அமைப்பாளர்களுக்குக் கதவு திறந்தது.

மெய்டன் வந்த சனிக்கிழமை சென்னையிலிருந்து பெங்களூர் மெயிலில் வந்து இறங்கிய கறுப்பு பனியன் கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஒருத்தன் என் ரூமில் குளித்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கே மைதானத்துக்குக் கிளம்பிவிட்டான். "ராத்திரிதானேடா?" என்றால், "முன்னாடி நிக்கணும்ல" என்றான். ஒலிபெருக்கிக்குப் பத்து மணி விதி இருப்பதால் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. திரும்பி வந்தவனுக்குக் குரலே இல்லை. எழுதிக் காட்டித்தான் தண்ணீர் கேட்டான்.

இதே காலத்தில் உள்ளூர்க் குழுக்களும் வளர்ந்தன. 1996-இல் தொடங்கிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' என்ற பெயரின் சிலேடை: 'த்ரீ மல்' அண்ட் எ குவார்ட்டர், அதாவது மூன்றேகால் மலையாளி. 1998-இல் உருவான 'கிரிப்டோஸ்' 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழாவில் வாசித்தது. நம்மவர்களுக்கு நெருக்கமானது 'அகம்'. ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே கர்நாடக சங்கீதத்தையும் ராக்கையும் கலந்து, சன் டி.வி.யில் ரஹ்மான் நடுவராக இருந்த போட்டியில் ஜெயித்த பெங்களூர்க் குழு. தியாகராஜரை எலக்ட்ரிக் கிட்டாரோடு கேட்டு என் மாமனார் முதலில் முகம் சுளித்தார், பிறகு தாளம் போட்டார்.

சரிவு மெதுவாகத்தான் வந்தது. 2011 அக்டோபர் 30 மெட்டாலிகா கச்சேரி அந்த மைதானத்தின் உச்சம் என்று சொல்லலாம். இரண்டு நாள் முன்பு குர்கானில் தடுப்பு உடைந்து கச்சேரி நின்றுபோய்க் கூட்டம் மேடையை நொறுக்கியது. இங்கே மழையில் நனைந்துகொண்டு ஒழுங்காக நின்றார்கள். அடுத்த வருஷமே ஸ்லேயரும் கன்ஸ் அண்ட் ரோசஸும் ஊருக்கு வடக்கே தணிசந்திரா பக்கம் இருக்கும் பாரதிய சிட்டிக்குப் போய்விட்டார்கள். ஈஜிபுராவிலிருந்து அங்கே போய் ராத்திரி திரும்புவது என்பது ஒரு யாத்திரை. பஸ் கிடையாது, ஆட்டோக்காரர் கேட்கிற காசுக்கு இன்னொரு டிக்கெட் வாங்கலாம்.

பப்களில் நடந்தது இன்னும் விசித்திரம். இந்த ஊரில் 'லைவ் பேண்ட்' என்றால் கிட்டார் குழு என்று அர்த்தம் இல்லை. பெண்களை ஆடவிடும் பாருக்குத்தான் அந்தப் பெயர். அவற்றைக் கட்டுப்படுத்த 2005-இல் போலீஸ் லைசென்ஸ் உத்தரவு வந்தது. லைவ் பேண்ட் ரெஸ்டாரன்ட் சங்கமே வழக்காடியது, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. அந்த லைசென்ஸுக்குக் கேட்கும் தடையில்லாச் சான்றிதழ்களின் பட்டியல், ஹவுசிங் லோனுக்கு நாங்கள் கேட்பதைவிட நீளம். விளைவு, ஆட்ட பாருக்குப் போட்ட பூட்டு மூலையில் உட்கார்ந்து ஈகிள்ஸ் வாசித்தவனையும் சேர்த்துப் பூட்டியது. அந்த வருஷம் பல இடங்களில் பாட்டு நின்றது. குடியிருப்புக்குள் விடிய விடியச் சத்தம் வைத்தால் தூங்க முடியாது என்பது நியாயமான புகார்தான், எங்கள் பக்கத்துக் கோரமங்களாக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் டெசிபலை அளக்காமல் பெயரைப் பார்த்து மூடியது எந்த ஊர் நியாயம்?

இடத்துக்கான வழக்கு மட்டும் 2025 வரைக்கும் அவசரச் சட்டம், இழப்பீடு என்று ஓய்ந்தபாடில்லை. பெரிய கச்சேரிகள் மும்பை பக்கம் சாய்ந்துவிட்டன. 2025 மே 17 கன்ஸ் அண்ட் ரோசஸ் வாசித்தது அங்கே மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில். எங்கள் ஓனர் அண்ணனின் பையன் அதற்கு உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறிப் போனான், கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை, அப்பாவின் பழைய மெய்டன் பனியன். "மும்பைல வெயில் ஜாஸ்தி, தண்ணி நிறையக் குடி மச்சா" என்று அப்பாவே மகனுக்குச் சொல்லி அனுப்பினார்.