தூண்டிலுக்குச் சாயம்

தூண்டில் கதைகள் எனக்குப் பிடிக்கும். ஆம்பூரில் வளர்ந்தவளுக்கு இது விசித்திரமான ருசிதான். எங்கள் பாலாற்றில் மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம் மீன் கதைகளில் பெண்ணுக்குக் கரைதான் இடம். 'செம்மீன்' நாவலில் அவள் ஒழுக்கம்கூடக் கடலில் போனவனின் உயிருக்குக் காவல்.

1496இல் இங்கிலாந்தில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட நூலொன்றில் தூண்டில் பற்றிய பகுதி உண்டு. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமடத் தலைவி எழுதியதாக நெடுங்காலம் நம்பினார்கள். ஆதாரம் போதாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். சரிதான். ஆனால் பெயரில்லாத பழைய நூலை ஆண் எழுதியதாகக் கொள்ள மட்டும் எவரும் ஆதாரம் கேட்பதில்லை.

இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பொய் ஈக்கள் பன்னிரண்டை அந்நூல் சொல்கிறது. மீன் சிக்காவிட்டாலும் காலை நடையும் பூமணமும் லாபம் என்கிறது. நான் நின்றது வேறிடத்தில். தூண்டில் கயிறு குதிரைமயிர். அதைப் பழுப்பாக்க, சுண்ணாம்பு நீரில் நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, பின் தோல் பதனிடுபவரின் பட்டைச்சாற்றில் ஒரு நாள் போட வேண்டுமாம். சுண்ணாம்புத் தொட்டி, பிறகு ஆவாரம்பட்டை: எங்கள் ஊர்த் தொழிலின் பழைய வரிசை அதேதான்! குரோமியம் பின்னால் வந்தது. பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். கிணறு கெட்ட தெருக்களில் குடத்தோடு தூரம் நடந்தவர்கள் பெண்கள்.

ஆவாரம்பட்டை உரித்து விற்ற என் ஆயாவுக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்காட்டினேன்.

"ஒரு நாள் எப்படிடி போதும்?" என்றாள்.

"தோலுக்கு இல்ல ஆயா, மயிருக்கு."

"அப்போ சரி."