கல்லைப் பார்க்கக் கற்பித்த ஊர்

சாக்சனியின் ஃப்ரைபெர்க்கில் 1168 வாக்கில் வெள்ளி கிடைத்தது. அதன் பிறகு ஆறு நூற்றாண்டுகள், எது தாது, எது வெறும் கல் என்று அங்கே தீர்ப்புச் சொன்னவை சுரங்கத் தொழிலாளியின் கண்ணும் கையும்தான். அது குறைந்த அறிவல்ல. ஆனால் ஊர் தாண்டாத அறிவு. ஒருவன் ‘சாம்பல் நிறம்’ என்று சொன்னால், அடுத்த சுரங்கத்துக்காரன் மனத்தில் எழும் நிறமும் அதுதான் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. கனிமவியல் அறிஞர் அகிரிகோலா 1546-லேயே நிறம், பளபளப்பு, கடினம், சுவை என்று கனிமங்களின் புறக்குணங்களை வகுத்து எழுதியிருந்தார். ஆயினும் சொற்களுக்குள் அளவு இல்லை. 1765-ல் ஃப்ரைபெர்க்கில் சுரங்கக் கல்விக்கழகம் பிறந்தது. அங்கே பயின்ற ஆபிரகாம் காட்லோப் வெர்னர் 1774-ல், இருபத்தைந்து வயதுகூட நிறையாதபோது, கனிமங்களின் புற அடையாளங்களைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். மறு ஆண்டே அங்கு ஆசிரியரானார். அவர் செய்த பெரிய காரியம் புதுக் கனிமத்தைக் கண்டுபிடித்ததல்ல, பார்ப்பதற்கு ஒரு பொதுமொழி அமைத்ததுதான் என்பது என் வாதம்.

அந்த மொழி கறாரானது. வெள்ளை, சாம்பல், கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என எட்டு அடிப்படை நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் உட்சாயல்கள். பிறகு பளபளப்பு, உடைந்த முகத்தின் வடிவம், கடினம், எடை, தொட்டால் உணரும் குளிர்ச்சி, வழவழப்பு, வாசனை. மாணவன் இவற்றை ஒன்றுவிடாமல் சோதிக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவான். ஹேமடைட் என்ற இரும்புத் தாதுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது கறுப்பாக இருக்கும், எஃகு போல மின்னும், செம்மண்ணாகவும் கிடக்கும். ஆனால் மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் விழும் கோடு எப்போதும் செம்பழுப்புதான். பொற்கொல்லரின் உரைகல்லுக்கு இது தூரத்து உறவு. கடினத்துக்கும் அளவுகோல் வந்தது: வெர்னரின் மாணவர் ஃப்ரீட்ரிக் மோஸ் 1812 வாக்கில் டால்க்கை 1 என்றும் குருந்தத்தை 9 என்றும் வைரத்தை 10 என்றும் வரிசைப்படுத்தினார். கண்ணாடித்துண்டும் கத்தியும் சட்டைப்பையில் இருந்தால் அந்த வரிசையில் ஒரு கல்லுக்கு ஏறக்குறைய இடம் குறித்துவிடலாம்.

வேதியியல் வளர்ந்தபின் இதற்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, கண் ஏமாறுகிறது. பெரில் என்றும் வேறு கற்கள் என்றும் பலர் மயங்கிய ஒன்றுக்கு, ஏமாற்றுவது என்று பொருள்பட ‘அப்படைட்’ எனப் பெயரிட்டவர் வெர்னரேதான். கனிமங்களை வகைப்படுத்தும் அடிப்படை வேதியியல் உட்கூறே என்றும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். புற அடையாளம் இனம் காண்பதற்கு, உட்கூறு இனம் பிரிப்பதற்கு. இந்த வேறுபாட்டை மறந்தவர்களே அவரை வேதியியலின் எதிரியாக்கினார்கள். இன்னொரு குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது: பசால்ட் உள்ளிட்ட பாறைகள் ஆதிக்கடலில் படிந்தவை என்ற அவருடைய கொள்கை தவறாகிப் போனது. ஆம், தவறுதான். ஆனால் எரிமலை நிலங்களை நேரில் பார்த்து அதைக் கைவிட்டவர்களில் அவருடைய மாணவர்களான லியோபோல்ட் ஃபான் புக்கும் அலெக்சாண்டர் ஹம்போல்ட்டும் உண்டு. ஆசிரியரின் கொள்கை பொய் என்று கண்டுகொள்ள அவர்களுக்கு உதவியது ஆசிரியர் பழக்கிய பார்வையே. அவருடைய நிறப்பட்டியலோ கனிமத்தையும் கடந்தது: பாட்ரிக் சைம் 1814-ல் அதை விரித்து வெளியிட்ட நூலைச் சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் கொண்டுபோனார்.

கைமாதிரிக்கும் ஆய்வகத்துக்கும் உள்ள உறவுக்கு ஃப்ரைபெர்க்கே சான்று தருகிறது. 1885-ல் அவ்வூர்ப் பக்கத்து ஹிம்மல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்தில் வெள்ளி கலந்த ஒரு தாது கிடைத்தது. புற அடையாளங்களைக் கொண்டு கனிமங்களை இனம் காணும் அட்டவணைகளை முன்பே வெளியிட்டிருந்த ஆல்பின் வைஸ்பாக், தெரிந்த எதிலும் இது சேரவில்லை என்று கண்டு ஆர்ஜிரோடைட் எனப் பெயரிட்டார். வேதியியலாளர் கிளெமன்ஸ் விங்க்லர் அதைப் பகுத்தபோது நூற்றுக்கு ஏழு பங்கு போலக் கணக்கில் விடுபட்டுக்கொண்டே இருந்தது. 1886-ல் அவர் அதைப் பிரித்தெடுத்தார். மெண்டலீவ் 1871-ல் முன்கூட்டிச் சொல்லியிருந்த தனிமம் அது: ஜெர்மானியம்.