ஆறு தௌ இடைவெளியும் அலுமினியத் தலையும்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சு முடிச்சுட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஆணி புடுங்கிட்டு இருக்கிற ஆயிரக்கணக்கான ஜீவன்களில் அடியேனும் ஒருத்தன். நாலு வருஷப் படிப்பில் என்னடா மிச்சம்னு யோசிச்சா, லேபில் கையில் பிடிச்ச ஃபீலர் கேஜ்தான் ஞாபகத்துக்கு வருது. விசிறி மாதிரி விரியுமே, மெல்லிசு மெல்லிசா எஃகுத் தகடு, அதேதான். அந்தத் தகட்டை வெச்சு அளக்கிற ஒரு சின்ன இடைவெளிக்கு ஒரு பெரிய கதை இருக்கு. அமெரிக்க டிராக் ரேஸ் இன்ஜின்களில் இரும்புத் தலை போய் அலுமினியத் தலை வந்தப்போ நடந்த கதை. வண்டி வாசனையே ஆகாதவங்க ஓட வேண்டாம், பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ் போதும் :-)

டிராக் ரேஸ் என்பது ரொம்ப எளிமையான விளையாட்டு. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர் ரோடு. ரெண்டு வண்டி. பச்சை விளக்கு எரிஞ்சதும் கிளம்பணும், முதலில் போய்ச் சேர்ந்தவன் ஜெயிச்சான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கலிஃபோர்னியாவில் இது சூடு பிடித்தது. தெருவில் ஓட்டிக்கொண்டிருந்த பசங்களை ஒழுங்கான களத்துக்குக் கூட்டிவர, 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். 1955-இல் கான்சஸ் மாநிலத்துக் கிரேட் பெண்டில் முதல் தேசியப் போட்டி நடந்தது.

அந்தக் கால அமெரிக்க வி8 இன்ஜினில் கேம்ஷாஃப்ட் அடிவயிற்றில், பிளாக்குக்குள்ளே இருக்கும். வால்வு மேலே, தலையில். நடுவில் லிஃப்டர், அதுக்கு மேல் புஷ்ராட் என்ற நீளக் குச்சி, அதுக்கு மேல் ராக்கர் ஆர்ம். ராக்கரை நம்ம ஊர் ஏற்றமரம் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரு முனையைப் புஷ்ராட் மேலே தள்ளினா, மறுமுனை இறங்கி வால்வை அமுக்கித் திறக்கும். வால்வு மூடியிருக்கும்போது ராக்கர் மூக்குக்கும் வால்வு முனைக்கும் நடுவில் தலைமுடி கனத்தில் சில மடங்கு இடைவெளி விடணும். அதுதான் வால்வு லாஷ். நம்ம மெக்கானிக்குகள் டேப்பட் கிளியரன்ஸ் என்பார்கள். கணக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறை பாஷையில் 'தௌ'.

இடைவெளி ஏன்? சூடானால் உலோகம் நீளும், வால்வும் நீளும். இடம் விடாவிட்டால் வால்வு முழுசா மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும்போதுதான் தலைக்குள் இறக்கும். உட்காரலைன்னா கருகிடும். சரி, தாராளமா விட்டுடலாமேன்னா அதுவும் ஆகாது. கேமில் இந்த இடைவெளியை மெதுவா மூடறதுக்குன்னே ஒரு சின்னச் சரிவு செதுக்கியிருப்பாங்க. இடைவெளி கூடினால் அந்தச் சரிவைத் தாண்டி, செங்குத்தான இடத்தில் சுத்தியல் மாதிரி மோதும். இறங்கும்போதும் வால்வு சீட்டில் தொம்முனு விழும். நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றும் இன்ஜினில் அப்படி விழுந்தா வால்வு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இதில் ரேஸ்காரனுக்கு இன்னொரு ருசியும் உண்டு. லாஷைக் கொஞ்சம் இறுக்கினா வால்வு சீக்கிரம் திறந்து லேட்டா மூடும், பெரிய கேம் போட்ட மாதிரி மேல் வேகத்தில் சக்தி கூடும். தளர்த்தினா கீழ் வேகத்தில் இழுவை கிடைக்கும். கேமையே மாத்தாம, ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் வெச்சே ஆட்டம் காட்டலாம். எவ்வளவு முக்கியமான எண் என்றால், 1964-இல் கார்வெட்டின் 327 கன அங்குல இன்ஜினில் வந்த ஒரு கேமுக்குப் பேரே '30-30'. இன்டேக் 30 தௌ, எக்ஸாஸ்ட் 30 தௌ. லாஷே பேராப் போச்சு!

இரும்புக் காலத்தில் இதெல்லாம் சுலபம். கேமோடு வரும் அட்டையில் ஹாட் லாஷ் என்று ஓர் எண் இருக்கும். இன்ஜினை நல்லாச் சூடாக்கி, சிலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கை மேல் சுடு எண்ணெய் தெறிக்கத் தெறிக்க செட் பண்ணுவாங்க. பிளாக்கும் இரும்பு, தலையும் இரும்பு, புஷ்ராட் எஃகு. மூணும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நீளும். வால்வு மட்டும் கொஞ்சம் கூடுதலாச் சுட்டு நீள்வதால், சூட்டில் இடைவெளி 2 தௌ போல குறையும். எனவே ஆறின இன்ஜினில் வைப்பதானால் அட்டை எண்ணோடு 2 கூட்டிக்கோ. சூடானா இடைவெளி குறையும் என்பது மெக்கானிக்குகள் ரத்தத்தில் ஊறிப்போன விதி.

அந்த விதியைத் தலைகீழாக்கியது அலுமினியம். 1965-இல் கிரைஸ்லர் நிறுவனம் டிராக் ரேஸுக்கென்றே செய்த சூப்பர் ஸ்டாக் கார்களில் 426 ஹெமி இன்ஜினுக்கு அலுமினியத் தலை வைத்தது. காரணம் எடை. மூக்கு லேசானால் பின் சக்கரத்தில் பாரம் ஏறும், கிளம்பும்போது வழுக்காது. 1967-இல் ஷெவர்லே எல்88 என்ற 427 இன்ஜினில் இரும்பு பிளாக் மேல் அலுமினியத் தலை போட்டது. 1969-இல் ஒரு படி மேலே போய் பிளாக், தலை இரண்டும் அலுமினியமாக இசட்எல்1.

இசட்எல்1 கதையைச் சொல்லாமல் நகர மனசில்லை. இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சின்ன ஊரில் ஃபிரெட் கிப் என்ற ஷெவர்லே டீலர். ரேஸ் பைத்தியம். வண்டியைப் போட்டியில் அனுமதிக்கக் குறைந்தது 50 கார் தயாரித்திருக்க வேண்டும் என்பது விதி. மனுஷன் அந்த 50 கமாரோவையும் தானே ஆர்டர் பண்ணிட்டார். வந்து இறங்கிய பிறகுதான் விலை புரிஞ்சது. இன்ஜினுக்கு மட்டும் 4,160 டாலர். சாதாரண கமாரோ ஒன்றை முழுசா வாங்கி, கையில் மிச்சமும் வெச்சுக்கலாம். வாங்க ஆளில்லாமல் பல கார்களைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். மொத்தத்தில் 69 கமாரோதான் அந்த இன்ஜினோடு செய்யப்பட்டன. (இன்னைக்கு அதில் ஒண்ணு ஏலத்துக்கு வந்தா என்ன விலைக்குப் போகுதுன்னு கேட்டு வயிறெரிய வேண்டாம்.)

சரி, இப்போ அந்த இன்ஜின் மேல் ஃபீலர் கேஜோடு குனிவோம். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். தலையின் அடியிலிருந்து ராக்கர் அச்சு வரை சுமார் 10 செ.மீ. உயரம், சூடு 80 டிகிரி ஏறுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அலுமினியம் 0.18 மி.மீ. உயரும். அதே 10 செ.மீ. எஃகுப் புஷ்ராட் 0.09 மி.மீ. சொச்சம்தான். ராக்கர் அச்சு மேலே போயிடுச்சு, குச்சி எட்டவில்லை. வித்தியாசம் 0.09 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. ராக்கர் விகிதம் 1.7 என்றால் வால்வு முனையில் அது 0.15 மி.மீ. ஆகத் தெரியும். அதாவது 6 தௌ.

கேம் கம்பெனிகள் கொடுக்கும் திருத்தமும் இதேதான். இரும்பு பிளாக், அலுமினியத் தலை என்றால் ஆறின இன்ஜினுக்கு அட்டை எண்ணில் 6 கழி. பிளாக்கும் அலுமினியம் என்றால் 12 கழி. கூட்டல் கழித்தலா மாறிடுச்சு பாருங்க! பழைய பழக்கத்தில் 20 தௌ அட்டைக்கு ஆறின அலுமினிய இன்ஜினில் 22 வெச்சவன், சூட்டில் 34 தௌ இடைவெளியோட ஓட்டியிருப்பான். வால்வு ட்ரெயின் முழுக்க சுத்தியல் அடி. நம்ம பாஷையில் சொன்னா, புரொடக்‌ஷன் சர்வர் மாறினதே தெரியாம பழைய கான்ஃபிக் ஃபைலைத் தூக்கிப் போட்ட மாதிரி.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது இதுக்கும் அடுத்த கேள்வி. சூடு, சூடுன்னு சொல்றோமே, டிராக் இன்ஜின் எப்போ சூடாகுது? நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடின கார் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். டிராக் கார் அப்படியில்லை. வரிசையில் நிற்கும், ஸ்டார்ட் பண்ணுவாங்க, பத்து செகண்ட் ஓடும், அணைப்பாங்க. அலுமினியம் வேகமாகச் சூடேறும், வேகமாக ஆறவும் செய்யும். மூடியைக் கழற்றி முதல் சிலிண்டரில் ஆரம்பித்து எட்டாவதுக்கு வருவதற்குள் இன்ஜின் ஆறிக்கொண்டே இருக்கும். பதினாறு வால்வையும் பதினாறு வெவ்வேறு சூட்டில் அளந்தா அது அளவா? அட்டையில் போட்ட ஹாட் லாஷ் அந்த வண்டியைப் பொறுத்தவரை ஒரு கற்பனை எண்.

அதனால் டிராக் ஆசாமிகள் பலர் குளிர் லாஷுக்கு வந்து சேர்ந்தாங்க. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின், அல்லது ஹீட்டர் வெச்சு எண்ணெயையும் தண்ணியையும் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுவந்த இன்ஜின். எந்தச் சூடு என்பது முக்கியமில்லை, ஒவ்வொரு தடவையும் அதே சூடாக இருக்கணும். ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் திறக்க ஆரம்பிக்கும்போது இன்டேக்கை செட் பண்ணு, இன்டேக் மூடப்போகும்போது எக்ஸாஸ்டை செட் பண்ணு. நோட்டில் எழுதி வை. அடுத்த வாரம் எண் மாறியிருந்தா ராக்கரோ வால்வோ தேயுதுன்னு அர்த்தம்.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது புதுசில்லை. திருவொற்றியூரில் செஞ்ச பழைய இரும்பு பேரல் புல்லட்டுக்கும் அலுமினியத் தலைதான். டேப்பட் பார்க்க வந்த மெக்கானிக் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார், ஆறிடுச்சான்னு. புஷ்ராடை விரலால் சுத்தினா சுத்தணும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஃபீலர் கேஜே கிடையாது!

குளிர் லாஷுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. 10 தௌ ஹாட் லாஷ் கேட்கிற கேமை முழு அலுமினிய இன்ஜினில் போட்டா, 12 கழிக்கணும். மைனஸ் 2! அப்படி ஒரு இடைவெளியே கிடையாது. ஆறிய நிலையில் வால்வு லேசாகத் திறந்தே நிற்கும், கம்ப்ரெஷன் இருக்காது, குளிர்காலக் காலையில் ஸ்டார்ட்டே ஆகாது. முதலில் சூடாக்கிட்டுத்தான் சாவியைத் தொடணும்.

இதோட உச்சம் டாப் ஃப்யூயல் வண்டிகள். 1971-இல் எட் டோனவன் அலுமினியத்தில் ஹெமி வகை பிளாக் ஒன்றைக் கொண்டுவந்தார். கொஞ்ச வருஷத்தில் கீத் பிளாக்கின் அலுமினிய பிளாக்கும் வந்து, அந்தப் பிரிவில் இரும்பு மறைஞ்சே போச்சு. இன்று பிளாக்கும் தலையும் அலுமினியக் கட்டியைக் குடைந்து எடுத்தவை, உள்ளே தண்ணி ஓட வழியே கிடையாது. 2008-இல் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்த பிறகு அந்த வண்டிகளுக்குத் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள். ஓட்டம் நாலு செகண்டுக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, தலையைப் பூட்டி, பதினாறு வால்வுக்கும் லாஷ் புதிதாக வைக்கிறார்கள். கொளுத்தும் ஒரு நாலு செகண்டுக்காக, ஃபீலர் கேஜை வெச்சு, ஆறிக்கொண்டிருக்கும் அலுமினியத்தில்.