பெயர் நிலைக்காத அணி

பந்து உருண்ட பாதை – 23

1968 ஆகஸ்ட் 21. பிராட்டிஸ்லாவா பல்கலைக்கழக வாசலில் ஒரு சோவியத் டாங்கி நிற்கிறது. பீரங்கிக் குழாய்க்கு நேர் எதிரே ஒருவர் நிற்கிறார். ஆள் பிளம்பர், வேலை உடுப்பில்தான் இருக்கிறார். இரண்டு கையாலும் சட்டையைப் பிரித்து, வெற்று நெஞ்சைக் குழாய்க்கு நேராகக் காட்டுகிறார். லாடிஸ்லாவ் பியெலிக் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரரின் கேமரா அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வார்சா ஒப்பந்தப் படைகள் புகுந்த நாளை நினைவுகூரும்போதெல்லாம் உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் அது.

அன்றிலிருந்து சரியாக ஒன்பது மாதம். 1969 மே 21. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அதே பிராட்டிஸ்லாவாவின் கால்பந்து கிளப் ஒன்று பார்சிலோனாவுக்கு எதிராக மைதானத்தில் இறங்கியது. அதன் பெயர் ஸ்லோவான். இந்த இரண்டு 21-ஆம் தேதிகளுக்கும் நடுவே நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அந்தக் கிளப் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரே ஊர், நாலு பெயர்

டான்யூப் கரையில் இருக்கும் அந்த ஊரை ஜெர்மானியர் ப்ரெஸ்பர்க் என்றார்கள். ஹங்கேரியர் பொஷோன் என்றார்கள். ஸ்லோவாக்கியர் ப்ரெஷ்போரொக் என்றார்கள். 1910 கணக்கெடுப்பின்படி ஊரில் ஜெர்மானியர் நூற்றுக்கு 42 பேர், ஹங்கேரியர் 41 பேர். ஸ்லோவாக்கியர் 15 பேர்தான். இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகராக இருக்கும் ஊரில் அன்று ஸ்லோவாக்கியர் சிறுபான்மையினர்.

முதல் உலகப் போர் முடிந்து ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியது. செக்கோஸ்லோவாக்கியா என்ற புது நாடு பிறந்தது. 1919 மார்ச்சில் ஊருக்கு ‘பிராட்டிஸ்லாவா’ என்று நாலாவது பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் மை காய்வதற்குள், மே 3 அன்று, ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். ‘முதல் செக்கோஸ்லோவாக்கிய விளையாட்டுக் கழகம், பிராட்டிஸ்லாவா’ என்று பெயர். அதில் ஒவ்வொரு சொல்லும் ஓர் அறிவிப்பு. ஜெர்மானியரும் ஹங்கேரியரும் பந்தாடிக்கொண்டிருந்த ஊரில், ‘நாங்களும் வந்துவிட்டோம், இது இப்போது எங்கள் நாடு’ என்று சொல்வதற்காகவே வைத்த பெயர்.

பெயர் பெரிதாக இருந்ததே தவிர, வெற்றி சீக்கிரம் வரவில்லை. போருக்கு முந்தைய லீக் பட்டங்கள் எல்லாம் ஸ்பார்ட்டா, ஸ்லாவியா போன்ற பிராகா கிளப்புகளின் வீட்டுச் சொத்தாகவே இருந்தன.

மைதானம் மட்டும் ஜெர்மனிக்குப் போனது

கிளப்பின் மைதானம் டான்யூபின் மறுகரையில், பெட்ர்ஷல்காவில் இருந்தது. 1938 செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபர் 10 அன்று ஹிட்லரின் ஜெர்மனி பெட்ர்ஷல்காவை எடுத்துக்கொண்டது. ஊர் ஒரு நாட்டில், ஊரின் மைதானம் இன்னொரு நாட்டில். நேற்றுவரை பாலத்தைக் கடந்து ஆடப் போனவர்களுக்கு இப்போது எல்லையைக் கடக்க வேண்டிய நிலை.

அடுத்த ஆண்டு நாடே உடைந்தது. ஹிட்லரின் நிழலில் தனி ஸ்லோவாக்கிய அரசு உருவானது. கிளப்பின் பெயரிலிருந்து ‘செக்கோஸ்லோவாக்கிய’ என்ற சொல்லை வெட்டிவிட்டார்கள், மிஞ்சியது ‘எஸ்.கே. பிராட்டிஸ்லாவா’. இக்கரையில், பழைய செங்கல் சூளைகள் இருந்த நிலத்தில் புது மைதானம் எழும்பி 1940-இல் திறக்கப்பட்டது. இடத்தின் பெயரே மைதானத்துக்கும் ஒட்டிக்கொண்டது: டெஹெல்னே போலே, அதாவது செங்கல் வெளி.

அந்தப் போர்க்கால ஸ்லோவாக்கிய லீக்கில் கிளப் நான்கு முறை பட்டம் வென்றது. அதில் ஒன்று 1942-இல் வந்தது. அதே 1942-இல்தான் அந்த அரசு சுமார் 58,000 யூதர்களை ரயிலேற்றி நாஜி முகாம்களுக்கு அனுப்பியது. அந்தக் கோப்பைகளைப் பற்றி எழுதுபவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதுவதுதான் முறை.

மைத்துனரும் மாப்பிள்ளையும்

போர் முடிந்த பிறகு, 1946-இல், புடாபெஸ்டிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். லாஸ்லோ குபாலா. அன்றைய பயிற்சியாளர் ஃபெர்டினாண்ட் டௌச்சீக்கின் தங்கையையே கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு ஆண்டு ஆடிவிட்டு ஹங்கேரிக்குத் திரும்பினான்; 1949-இல் சோவியத் ராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு லாரியில் எல்லை தாண்டி மேற்கே தப்பினான். அவன் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் பார்சிலோனா. அங்கே பயிற்சியாளராக உட்கார்ந்தவர் அதே மைத்துனர் டௌச்சீக். குபாலாவின் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்குப் பழைய மைதானம் போதாமல்தான் பார்சிலோனா கேம்ப் நோவைக் கட்டியது என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். கேம்ப் நோ வாசலில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. 1969 ஆட்டத்துக்கு வரும்போது இந்தச் செங்கல் வெளிச் சம்பந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1948 பிப்ரவரியில் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. கிளப்புக்கு மறுபடி பெயர் மாற்றம். இந்த முறை ‘சோகோல் என்.வி.’, என்.வி. என்றால் மக்கள் குழு, நம் கணக்கில் நகராட்சி மாதிரி. அந்தப் பெயரோடுதான் 1949-இல் செக்கோஸ்லோவாக்கிய லீக்கை வென்றது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஸ்லோவாக்கிய கிளப் இதுதான். 1950, 1951 பட்டங்களும் தொடர்ந்து வந்தன.

1953-இல் ‘ஸ்லோவான்’ என்ற பெயர் வந்தது. ஸ்லாவ் இனத்தவன் என்று பொருள். 1961-இல் அதனோடு ‘சி.எச்.இசட்.ஜே.டி.’ என்ற எழுத்துகளும் ஒட்டிக்கொண்டன. பல்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் டிமிட்ரோவின் பெயர் தாங்கிய ரசாயனத் தொழிற்சாலையின் சுருக்கம் அது. சோஷலிச நாட்டில் கிளப் என்றால் அதைப் போஷிக்க ஓர் ஆலை வேண்டுமே! அந்த ஆலையின் பூர்வீகத்தைத் தோண்டினால் வேறொரு பெயர் வரும்: 1873-இல் அதைத் தொடங்கியவர் டைனமைட்டுக்கும் பரிசுக்கும் பெயர்போன ஆல்ஃபிரட் நோபல்.

படை அனுப்பியவர்கள் விலகினார்கள்

இப்போது 1968-க்கு வருவோம். அந்த ஆண்டு செக்கோஸ்லோவாக்கியக் கோப்பையை வென்ற ஸ்லோவான், ‘கப் வின்னர்ஸ் கப்’ போட்டியில் ஆடத் தகுதி பெற்றிருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் கோப்பை வென்ற கிளப்புகள் மோதும் ஐரோப்பியப் போட்டி அது.

ஆகஸ்டில் டாங்கிகள் வந்தன. படை அனுப்பிய நாடுகளின் கிளப்புகளோடு ஆட மாட்டோம் என்று மேற்கு ஐரோப்பாவில் குரல் கிளம்பியது. யூஃபா அமைப்பு முதல் சுற்று அட்டவணையைக் கலைத்து, கிழக்கோடு கிழக்கும் மேற்கோடு மேற்கும் மோதும்படி மாற்றிப் போட்டது. சோவியத் யூனியன், போலந்து, ஹங்கேரி, பல்கேரியா, கிழக்கு ஜெர்மனி ஆகிய நாடுகள் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு தங்கள் கிளப்புகளை விலக்கிக்கொண்டன. விளைவு விசித்திரமானது: படை அனுப்பிய நாடுகள் வீட்டில் உட்கார்ந்தன, படை புகுந்த நாடு ஆடப் போனது.

ஸ்லோவானின் தொடக்கம் ஒன்றும் பிரமாதமாக இல்லை. யுகோஸ்லாவியாவின் ‘போர்’ என்ற சிறு கிளப்பை பிராட்டிஸ்லாவாவில் 3–0 என்று வென்றது. அங்கே போய் 0–2 என்று தோற்றது. மொத்தக் கணக்கில் ஒரே கோல் வித்தியாசத்தில் தப்பியது. அடுத்து போர்ச்சுகலின் போர்ட்டோ. அங்கே 0–1 தோல்வி, செங்கல் வெளியில் 4–0 வெற்றி. காலிறுதியில் இத்தாலியின் டொரினோவை அவர்கள் ஊரிலேயே 1–0 என்று சாய்த்தது. திரும்பி வந்து 2–1 என்று முடித்தது. அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின். அங்கே 1–1, இங்கே 1–0.

பந்து இப்படி உருண்டுகொண்டிருந்தபோது நாட்டில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தன. 1969 மார்ச்சில் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா சோவியத் அணியை இரண்டு முறை வென்றது. அந்த அணியின் கேப்டன் யோசெஃப் கோலொன்கா, ஸ்லோவானின் ஹாக்கிப் பிரிவுக்காரர். மார்ச் 28 இரவு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிராகாவில் சோவியத் விமான நிறுவனத்தின் அலுவலகம் நொறுங்கியது. மாஸ்கோவுக்கு அது போதுமான சாக்கு. ஏப்ரல் 17 அன்று, டாங்கிகள் நசுக்க வந்த சீர்திருத்தங்களின் முகமாக இருந்த டூப்செக் கட்சித் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார், ஹுசாக் ஏறினார். இருவருமே ஸ்லோவாக்கியர்கள்.

ஆக, இறுதிப்போட்டிக்கு ஸ்லோவான் விமானம் ஏறியபோது, டூப்செக் போய் ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

பாசெல், 90 நிமிடம்

எதிரே பார்சிலோனா. யார் வெல்வார்கள் என்பதில் பெரும்பாலோருக்குச் சந்தேகமே இல்லை. ஸ்லோவானின் தூணாக இருந்த யான் பொப்லுஹாரும் அணியில் இல்லை. 1962 உலகக் கோப்பையில் காயத்தோடு நொண்டிக்கொண்டிருந்த பெலேயின் காலில் கை வைக்க மறுத்து, அவரது மரியாதையைச் சம்பாதித்த தடுப்பாட்டக்காரர் அவர். 1950-களிலிருந்து ஸ்லோவானுக்கு ஆடியவர், முந்தைய ஆண்டுதான் பிரான்சின் லியோன் கிளப்புக்குப் போயிருந்தார். கிளப்பின் மிகப் பெரிய இரவை அதன் மிகப் பெரிய ஆட்டக்காரர் தவறவிட்டார்.

செயின்ட் ஜேக்கப் மைதானத்தில் சுமார் 19,000 பேர். இரண்டாவது நிமிடத்திலேயே ல்யுதோவித் ஸ்வெட்லர் கோல் போட்டார். பார்சிலோனாக்காரர்கள் உட்கார்ந்து நிமிர்வதற்குள் 1–0. 16-ஆவது நிமிடத்தில் ஸால்டுவா சமன் செய்தார். இனி பார்சிலோனா பொழியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 30-ஆவது நிமிடத்தில் தடுப்பாட்டக்காரர் ஹ்ரிவ்னாக் முன்னேறி வந்து பதில் சொன்னார். 42-ஆவது நிமிடத்தில் 21 வயது யான் சாப்கோவிச் மூன்றாவதை அடித்தார். இடைவேளையில் 3–1.

52-ஆவது நிமிடம். பார்சிலோனாவுக்கு ஒரு கார்னர். கார்லெஸ் ரெஷாக் உதைத்த பந்து யார் மேலும் படாமல் வளைந்து நேரே வலைக்குள் போனது. 3–2. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2000-இல், லயோனல் மெஸ்ஸி என்ற சிறுவனுக்குக் கைதுடைக்கும் காகிதத்தில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாரே, அதே ரெஷாக்தான்.

இன்னும் 38 நிமிடம் பாக்கி. கோல்கீப்பர் வென்செலும் கேப்டன் ஹோர்வாத்தும் தடுப்புச் சுவரைக் கலையவிடவில்லை. பயிற்சியாளர் மிகால் விச்சனின் ஆட்கள் அந்த ஒரே கோலைக் கடைசி விசில்வரை காப்பாற்றினார்கள். சோவியத் முகாமிலிருந்து யூஃபா கோப்பை ஒன்றை வென்ற முதல் கிளப் ஸ்லோவான். செக்கோஸ்லோவாக்கியா இருந்த காலம் முழுவதும் அப்படி ஒரு கோப்பையை வேறு எந்தக் கிளப்பும் கொண்டுவரவில்லை. செங்கல் வெளியில் ஆடிய குபாலா பார்சிலோனாவைப் பெரிய கிளப்பாக்கினார். செங்கல் வெளியிலிருந்து வந்த பதினொரு பேர் அதை வீழ்த்தினார்கள்.

இந்த வெற்றியால் டாங்கிகள் திரும்பிப் போய்விடவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள், ஹுசாக்கின் ஆட்சி ‘இயல்புநிலை’ என்று அழைத்த பழைய இறுக்கம்தான். ஒரு கோப்பையால் முடிந்தது ஓர் இரவு மட்டுமே.

அதற்குப் பிறகு

1970, 1974, 1975 என்று லீக் பட்டங்கள் வந்தன. 1976 ஜூன் 20 அன்று பெல்கிரேடில் மேற்கு ஜெர்மனியை வென்று செக்கோஸ்லோவாக்கியா ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. அந்த ஆட்டத்தைப் பனென்காவின் பெனால்டிக்காக எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அன்று ஆடத் தொடங்கிய பதினொரு பேரில் ஆறு பேர் ஸ்லோவான்காரர்கள். பிவார்னிக், கேப்டன் ஒந்த்ருஷ், யோசெஃப் சாப்கோவிச், கொலொமன் கேக்: பின்வரிசை நான்கு பேரும் ஒரே கிளப். இந்த யோசெஃப் வேறு யாருமல்ல, பாசெலில் மூன்றாவது கோலை அடித்த யானின் இரட்டைச் சகோதரர்.

1990-இல் ஆலையின் எழுத்துகள் பெயரிலிருந்து உதிர்ந்தன. 1992-இல் ஸ்லோவான் செக்கோஸ்லோவாக்கிய லீக்கை எட்டாவதும் கடைசியுமாக வென்றது. சில மாதங்களில் அந்த நாடே இல்லாமல் போனது. 1993 ஜனவரி 1 முதல் பிராட்டிஸ்லாவா ஒரு தனி நாட்டின் தலைநகர். 2004-இல் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, இரண்டு ஆண்டு அங்கேயே கிடந்தது. 2013-இல் பழைய செங்கல் வெளியை இடித்தார்கள். 2019 மார்ச்சில் அதே இடத்தில் 22,500 பேர் உட்காரும் புது மைதானம் திறந்தார்கள். அந்த ஆண்டிலிருந்து 2025 வரை லீக் பட்டம் வேறு யார் கைக்கும் போகவில்லை.

2024-இல் முதன்முறையாகச் சாம்பியன்ஸ் லீக்கின் முக்கியச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். எட்டு ஆட்டம், எட்டும் தோல்வி. போட்டது 7 கோல், வாங்கியது 27. உள்ளூரில் வெல்ல ஆளில்லாத ராஜா, வெளியே போனால் வெறும் பிரஜை. பணம் ஓரிடத்தில் குவிந்த இன்றைய கால்பந்தில் பாசெல் மறுபடி நடப்பது சுலபமில்லை.

ஆட்சிகள் வைத்த பெயர்களையெல்லாம் எண்ணிப் பாருங்கள்: செக்கோஸ்லோவாக்கிய, எஸ்.கே., சோகோல் என்.வி., ஸ்லோவான் என்று மாறி, ஆலையின் எழுத்துகளைச் சுமந்து, அதையும் உதிர்த்தாயிற்று. ரசிகர்களிடம் இன்னொரு பெயர் இருக்கிறது. தங்கள் அணியை அவர்கள் அழைப்பது ‘பெலாசி’ என்று. வான நீலத்தவர்கள் என்று அர்த்தம். எந்த அலுவலகத்திலும் பதிவாகாத பெயர். அதனால்தான் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

(அடுத்த வாரம்: ஸ்லோவான் பாசெலுக்குப் போன அதே வசந்தத்தில், பக்கத்து ஊரான ட்ர்னாவாவின் ஸ்பார்டக் அணி ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் அயாக்ஸை உலுக்கிய கதை.)