மதுரைச் சீமையில் பிளசர் கார்

நம் வட்டாரத்து முதியவர்கள் சிலர் காரைக் கார் என்று சொல்லமாட்டார்கள், "பிளசர்" என்பார்கள். சரக்கு ஏற்றும் லாரியிலிருந்தும், கட்டணத்துக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸிலிருந்தும் பிரித்துக் காட்ட, சொந்தக் காரை "பிளஷர் கார்", அதாவது உல்லாச வண்டி என்று ஆங்கிலத்தில் அழைத்தனர். அதுவே நம் நாவில் பிளசர் ஆயிற்று. ஆனால் நம் கிராமத்து மக்கள் உல்லாசத்துக்காக அதில் ஏறிய நாட்கள் மிகச் சிலவே. முன்னோரை நினைவுகூரும் இவ்விழா மலரில், அவர்களைச் சுமந்த வண்டிகளையும் சிறிது நினைத்துப் பார்ப்பது தகும்.

மதுரையின் மோட்டார் வரலாற்றில் முதலில் சொல்லவேண்டிய பெயர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். திருக்குறுங்குடியில் பிறந்த அவர் 1911-ல் தொடங்கிய தொழில், பஸ், லாரி, கார் விற்பனை, பழுதுபார்ப்பு என்று விரிந்து மதுரைக்குப் புகழ் சேர்த்தது. அக்காலத்தில் ஜமீன்தார், மில் முதலாளி, பெரிய வக்கீல், டாக்டர் ஆகியோர் வாசலில்தான் கார் நிற்கும். அமெரிக்காவின் செவர்லே, ஃபோர்டு, பியூக்; இங்கிலாந்தின் ஆஸ்டின், மாரிஸ் ஆகியவை அன்று பேர்பெற்ற வண்டிகள். செவர்லே காரை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் பம்பாயிலேயே பூட்டி விற்றது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது வண்டியில் ஓர் உருளை அடுப்பைப் பொருத்தி, குறைந்த காற்றில் மரக்கரியை எரித்து, அதில் எழும் வாயுவைக் கொண்டு இஞ்சினை ஓட்டினர். டி.வி.எஸ். நிறுவனமே இக்கருவியைச் செய்து தந்தது. கரியை மூட்டிக் காத்திருக்க வேண்டும், இழுவையும் குறைவு. ஆயினும் வண்டிகள் நின்றுவிடவில்லை.

விடுதலைக்குப் பின், உதிரிப் பாகங்களை இறக்கிப் பூட்டுவது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யவேண்டும் என்று அரசு 1953-ல் முடிவெடுத்தது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேறியது. பிறகு மூன்று கம்பெனிகளின் கார்களே நம் சாலைகளில் பெரிதும் ஓடின: கல்கத்தா அருகே உத்தர்பாராவிலிருந்து லாண்ட்மாஸ்டரும், 1957 முதல் அம்பாசிடரும், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னையிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டியவர்களும் ஆண்டுக் கணக்கில் காத்திருந்தனர்.

இவற்றுள் கிராமத்துக்கு ஏற்றது அம்பாசிடரே. கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்ததாலும், முன்சீட் ஒரே பலகைபோல் நீண்டிருந்ததாலும் ஒரு குடும்பமே அதில் அடங்கும். பாட்டரி சோர்ந்தால் முன்னே ஹேண்டிலைச் செருகிச் சுற்றிக் கிளப்பலாம். ஆதலால் ஊருக்கு ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் அதுவே நின்றது.

1976-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எனக்கு எட்டு வயது. திருமங்கலத்துக்கு அப்பால் எங்கள் கரிசல் காட்டுக் கிராமத்தில் அம்மாவுக்கு இரவில் பிரசவ வலி கண்டது. சித்தப்பா சைக்கிளில் திருமங்கலம் சென்று, பழைய அம்பாசிடர் ஒன்றை அழைத்து வந்தார். மழையில் சக்கரங்கள் கரிசலில் புதைந்தன. இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டி இழுத்தார்கள். வண்டி ஆல்பர்ட் விக்டர் பாலம் கடந்து, கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியை அடைந்தபோது விடிந்துவிட்டது. அம்மா பிழைத்தார்கள். தங்கை பிழைக்கவில்லை.

மறுநாள் அதே வண்டியில்தான், துணியில் சுற்றிய அந்தச் சிறு உடலை அப்பா மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். வாடகை எவ்வளவு என்று கேட்டபோது டிரைவர் அண்ணன், "போகும்போது கொடுத்ததே போதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக் கொண்டிருந்தார். எங்கள் வீட்டார் ஏறிய முதல் பிளசர் அது.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வருகிறது. கரிசல் காட்டுக்கும் தார்ச்சாலை வந்துவிட்டது. இவை அன்று இருந்திருந்தால் என்று நான் நினைக்காத ஐப்பசி இல்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நள்ளிரவில் கதவைத் தட்டியதும் மறுக்காமல் எழுந்து வந்த ஒரு டிரைவர் ஒவ்வொரு குடும்பத்தின் கதையிலும் இருப்பார். வண்டியின் பெயர் மறந்தாலும், அவர் பெயரை மறவாதிருப்போம்.